உலக்கைக்கு அப்பால் ஒரு வகுப்பு

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இளம் தாய்மார் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான். பிள்ளையை வீட்டில் வைத்துத் தாங்களே படிப்பிப்பதா, வீட்டுக்கு ஒரு ரீச்சரை வரச் சொல்வதா, கைத்தொலைபேசியில் வகுப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போவதா, எது நல்லது? நான் ஆசிரியை என்பதால் கேட்கிறார்கள். வாயில் வருகிற பதிலைச் சொன்னால் மறுநாள் என்னோடு பேச மாட்டார்கள். அதனால், பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவேன். இதே கேள்வியை வைத்துக்கொண்டு என் அம்மா மண்டையை உடைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். எனக்கு அது பேச்சுக்கு எடுக்கிற விஷயம் இல்லை.

அப்போது எங்கள் வீடு வெல்லாவெளிப் பக்கம். வாவிக்கு மேற்கே எங்கள் ஊர்கள் இயக்கத்தின் கையில் இருந்தன. கிழக்கே பட்டணமும் கடற்கரையும் ஆமியின் கையில். அப்பா ஒரு நிலச்சொந்தக்காரப் போடியாரின் வயல் வட்டையில் வேளாண்மை செய்தார். அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். நின்றவர் என்று யாராவது சொன்னால், "நிக்கல்ல, நிப்பாட்டினவங்க" என்று திருத்துவார். அண்ணன் பதினோராம் ஆண்டு. மார்கழியில் அவனுக்குச் சாதாரணதரப் பரீட்சை. எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இருவரும்தான்.

வீட்டுக்கு ஒரு பிள்ளை தர வேண்டும் என்று இயக்கத்தினர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்த காலம் அது. தராத வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடப் பாதையில் மறித்து வாகனத்தில் ஏற்றினார்கள். காலையில் பிள்ளை ஓட்டிக்கொண்டு போன சைக்கிளை மத்தியானம் யாராவது தள்ளிக்கொண்டு வந்து வேலியில் சாத்திவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு கிணற்றடியில் பெண்களுக்கு வேறு கதை இல்லாமல் போயிற்று. யாருடைய பிள்ளையை எங்கே வைத்து யார் படிப்பிப்பது, எது ஆபத்துக் குறைவு, எதில் பாடம் ஓடும். புடவைக்கடையில் சேலை பார்ப்பது போல ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து மடித்து வைத்தார்கள்.

அப்பாவுக்கு இதில் பொறுமை இல்லை. உயிர் இருந்தால் படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அம்மாவுக்கு இரண்டும் வேண்டும். பிள்ளைகள் வளவுக்குள் இருக்க வேண்டும், அண்ணன் பரீட்சையும் எழுத வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்க அவர் சம்மதிக்கவே இல்லை. அண்ணனோ கணக்கில் புலி. பரீட்சை இல்லை என்று சொன்னால் அவன் தானாகவே எங்காவது எழும்பிப் போய்விடுவான் என்றும் அம்மா பயந்தார்.

முதலில் வந்தவர் கணக்குச் சேர். சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் படிப்பிப்பவர். அவர் சொன்னால் மண்டையில் ஏறும் என்று அண்ணனே ஒப்புக்கொண்டான். ஆனால் சேரின் சைக்கிள் எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளை இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துபோகும். அப்படித்தான் எங்களுக்குப் பின் வளவுப் பையன் பிடிபட்டுப் போனான். சேர் சைக்கிளைப் பற்றைக்குள் மறைத்துவிட்டு நடந்து வந்து பார்த்தார். கடைசியில் அவருக்கே பயம் பிடித்து வாவியைக் கடந்து போய்விட்டார். அவரும் இளந்தாரிதானே, பாவம்.

பிறகு வானொலி. பின்னேரங்களில் பரீட்சைப் பாடங்கள் போகும். அம்மா அப்பாவின் டோர்ச் லைட்டிலிருந்து பற்றரியைக் கழற்றி அதற்குப் போட்டுக் கொடுத்தார். வானொலியில் படிப்பித்தவர் நல்ல குரல்காரர். ஆனால் விளங்கவில்லை என்று அவருக்குச் சொல்ல முடியாது. அண்ணன் வானொலிக்கு முன்னால் கையை உயர்த்திக்கொண்டு இருப்பான். இவர் என்னைத் திரும்பியே பார்க்கிறார் இல்லை என்று முறைப்பாடு செய்வான். நாங்கள் சிரிப்போம். சிரிக்காதே, பாடத்தைக் கேள் என்று அம்மா அதட்டுவார். பற்றரி தேய்ந்து குரல் இழுபட்டுச் செத்துப்போகும் வரைக்கும் அந்த வகுப்பு நடந்தது.

வாவிக்கு அப்பால் கல்லடியில் இருந்த அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, அண்ணனைத் தன்னிடம் விடச் சொல்லி ஆள் அனுப்பினார். அவருடைய பக்கத்து வீட்டில் ஒரு மெதடிஸ்த குடும்பம். அந்த வீட்டு அம்மா விறாந்தையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வைத்துப் படிப்பித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆடியில் வாவியைக் கடந்து அமிர்தகழிக் கோயில் தீர்த்தத்துக்குப் போனபோது நடந்ததை அம்மா மறக்கவில்லை. அண்ணனின் அடையாள அட்டையில் எங்கள் ஊரின் பெயரைப் பார்த்ததும் ஆமி அவனை ஒரு பக்கமாக நிறுத்திவிட்டது. பொழுது சாய்ந்த பிறகுதான் விட்டார்கள். அம்மா நனையாத சேலையோடு, தீர்த்தம் ஆடாமல், அந்தச் சென்றிக் காவலரணுக்கு முன்னாலேயே வெயிலில் குந்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இருந்தால் இவர்கள், அந்தப் பக்கம் போனால் அவர்கள். மாமி வீட்டையும் அம்மா மடித்து வைத்துவிட்டார்.

மிஞ்சியது நான். சின்னப் பிள்ளை என்று என்னை யாரும் பார்க்கவில்லை. நான் வழமைபோலப் பள்ளிக்கூடம் போவேன். அண்ணனின் வகுப்பு ரீச்சர் அன்றைய பாடத்தை எழுதி என் புத்தகங்களுக்குள் வைத்துவிடுவார். அண்ணன் வீட்டில் இருந்து அதைச் செய்வான், மறுநாள் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன், ரீச்சர் சரி பிழை போட்டுத் தருவார். இதுவரை பார்த்ததில் இதுதான் சிறந்தது என்று அம்மா சொன்னார். கொஞ்சக் காலம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்ற ஒருவன், மிகவும் அன்பாக, உன் அண்ணன் ஏன் வருவதில்லை என்று என்னைக் கேட்டான். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கும் வந்தார்கள். நெல் மூட்டைகளை நகர்த்திப் பார்த்தார்கள், பரணில் ஏறிப் பார்த்தார்கள். அண்ணன் வட்டைக்குள் அப்பாவின் காவல் வாடியில் இருந்தபடியால் தப்பினான்.

அன்றோடு என்னையும் மறிக்க வேண்டும் என்று அம்மா முடிவெடுத்தார். ஆனால் பெண்பிள்ளை திடீரென்று பள்ளிக்கூடம் போகாமல் நின்றால், ஏன் என்று கேட்பார்கள். அண்ணனையும் எவ்வளவு காலம் வாடியில் பாம்புக்கு நடுவே வைத்திருப்பது? அம்மா அடுப்படியில் இருந்து யோசித்து யோசித்து, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். இதை எங்கள் பகுதித் தாய் ஒருத்தியால் மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும்.

நான் வயதுக்கு வந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்.

நான் வரவில்லை. அது எனக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரியும். எங்கள் ஊரில் அந்தத் துடக்கு என்றால் சின்ன விஷயம் இல்லை. பிள்ளையைத் தனி அறையில் இருத்தி, வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, வேப்பிலை செருகிவிடுவார்கள். தண்ணீர் வார்த்துத் தீட்டுக் கழிக்கும் வரைக்கும் ஆண்கள் யாரும் அந்த உலக்கையைத் தாண்டக் கூடாது. தகப்பன்கூட முகம் பார்க்கக் கூடாது. தோளில் துவக்கு மாட்டியிருக்கிற இயக்கக்காரனும் இதே ஊர்களில் பிறந்தவன்தான். அவனும் தாண்ட மாட்டான். அந்த அறைக்குள் என்னை இருத்தி, என்னோடு அண்ணனையும் ஒளித்து வைப்பது அம்மாவின் திட்டம். அண்ணன் வாவியைக் கடந்து மாமி வீட்டுக்குப் போய்விட்டான் என்று கிணற்றடியில் கதை விட்டார்.

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"இதுல விளையாட ஒண்ணா கா. தெய்வக் குத்தமாப் போகும்."

"குத்தம் வந்தா எனக்கு வரட்டும்" என்றார் அம்மா. "என்ர புள்ளயள் ரெண்டும் இந்தக் கூரைக்குக் கீழ இரிக்கட்டும்."

அப்படித் தொடங்கியதுதான் என் வாழ்க்கையிலேயே நல்ல பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு பயிற்சிக் கலாசாலைவரை போய்விட்டேன். இவ்வளவு நன்றாக எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. யன்னலை அடைத்த அறை. கதவின் உட்பக்கம்தான் கரும்பலகை. பலகை கறுப்பாக இல்லாததால் அண்ணன் கரித்துண்டால் எழுதினான். தனக்குப் பரீட்சைக்கு வருவதையெல்லாம் எனக்குச் சொல்லித் தருவான். ஏழாம் வகுப்புக்காரிக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல முடிந்தால்தான் தனக்கு விளங்கியதாக அர்த்தம் என்பான். எனக்கு விளங்காவிட்டால் கோபப்படாமல் கையால் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவான். அவனுடைய இடுப்புச் சாரத்தில் எந்நேரமும் கரி.

சாப்பாடுதான் பெரிய வேடிக்கை. பொய்யோ மெய்யோ, சடங்கு என்றால் சடங்குதான். விடிந்ததும் அம்மா பச்சை முட்டையும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் கொண்டு வருவார். மத்தியானத்துக்கு உறவுக்காரப் பெண்கள் உழுத்தங்களி கிண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். பச்சை முட்டை மணம் பட்டாலே எனக்குக் குமட்டும். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் அண்ணன் முட்டைக்கோதை உடைத்து வாயில் ஊற்றிவிட்டு, வயதுக்கு வந்தது நானா நீயா என்று கேட்பான். சிரிப்பை அடக்க நான் தலையணையை வாய்க்குள் திணிப்பேன். பெண்கள் என்னைப் பார்க்க வரும்போது அவன் அறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவான். அவர்கள் என் கன்னத்தைக் கிள்ளி, முகத்தில் களை வந்துவிட்டது என்று சொல்வார்கள். இல்லாத களையை எங்கிருந்துதான் கண்டார்களோ.

நாள் போகப் போகப் பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். எப்போது தண்ணீர் வார்ப்பது, எப்போது சடங்கு? நல்ல நாள் அமையவில்லை என்று அம்மா இழுத்தார். தகப்பனின் நட்சத்திரத்துக்கு ஒத்துவரவில்லை என்றார். மார்கழி வரைக்கும் இழுத்தால் போதும், பரீட்சை நாளில் அண்ணனைப் பெண்களின் கூட்டத்தோடு எப்படியாவது மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். இரவில் சோறு போடும்போது, சேரும் வேண்டாம், வானொலியும் வேண்டாம், இதைப் போல ஒரு பள்ளிக்கூடம் பட்டணத்திலும் இல்லை என்று எங்களைப் பார்த்துச் சொல்வார். அந்த நாட்களில்தான் அம்மா சந்தோஷமாக இருந்தார். இதை எழுதும்போதும் அந்த முகம் எனக்குத் தெரிகிறது.

அம்மாவின் கணக்கில் ஒன்றே ஒன்று விடுபட்டுப் போயிருந்தது. உலக்கை தடுப்பது ஆண்களை மட்டும்தான்.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பின்னேரம் அவர்கள் வந்தார்கள். ஆண்கள் வேலிப் படலைக்கு வெளியே மரியாதையாக நின்றுகொண்டார்கள். உள்ளே வந்தது இரண்டு பெண்பிள்ளைகள். சீருடை, பின்னி மடித்துக் கட்டிய தலைமயிர். ஒருத்தி எங்கள் பள்ளிக்கூடத்தில் அண்ணனுக்கு மேல் வகுப்பில் படித்தவள். விளையாட்டுப் போட்டியில் நல்லாக ஓடுவாள்.

"அம்மா, தங்கச்சியப் பாத்திற்றுப் போறம்" என்றாள்.

பார்க்க வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்ல முடியும்? வயதுக்கு வந்த பிள்ளையைப் பெண்கள் பார்க்க வருவதுதானே முறை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலில் படாமல் உலக்கையைக் கவனமாகத் தாண்டி உள்ளே வந்தாள். முறை தெரிந்த பிள்ளை. கதவைத் தள்ளியபோது, மூட்டைகளுக்குப் பின்னால் போக நேரமில்லாமல், அண்ணன் கரித்துண்டும் கையுமாக நின்றான். கதவு திறந்துகொண்டதால் கணக்கு சுவர்ப் பக்கம் போய்விட்டது. அவள் கதவை மெல்ல இழுத்து அதைப் பார்த்தாள். ஆர் படிப்பிக்கிறது என்று கேட்டாள். நான்தான் என்றான் அண்ணன். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அது தெரிந்த கணக்காக இருந்திருக்க வேண்டும்.

மற்றவள் வெளியே அம்மாவிடம் பேசினாள். அவள் குரலில் கோபம் எதுவும் இருக்கவில்லை.

"இந்த வீட்டுல வளந்த புள்ளயள் ரெண்டு பேர் இரிக்கிறாங்க. ஒராள் வந்தாக் காணும். ஆர் எண்டு நீங்களே சொல்லுங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் இனிமேல் சின்னப் பிள்ளை இல்லை. அண்ணனை மறைக்க அம்மா சொன்ன பொய், என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டது. அம்மா நிலத்தில் விழுந்து அவளுடைய காலைப் பிடித்தார்.

"அவள் இன்னும் ஆகல்ல மகள். நான் பொய் சொன்ன. அவள் சின்னப்புள்ள மகள்."

யார் நம்புவார்கள்? வாசலில் உலக்கை கிடக்கிறது, நிலையில் வேப்பிலை காய்ந்து தொங்குகிறது, மூலையில் உழுத்தங்களிச் சட்டி இருக்கிறது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. தாய் என்றால் இப்படித்தான் எதையாவது சொல்லி அழுவாள் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். அம்மா வாழ்க்கையில் உண்மை சொல்லி ஒருவரும் நம்பாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

அண்ணன் கரித்துண்டை என் கையில் வைத்தான். கையைச் சாரத்தில் துடைத்தான்.

"தங்கச்சி இரிக்கட்டும்" என்றான். "நான் வாறன்."

பிறகு என்னைப் பார்த்து, "மிச்சத்த நீ செய்" என்றான். அவன் சொன்னது கணக்கைத்தான். அவன் குரலில் வேறு எதுவும் இருக்கவில்லை. உலக்கையைத் தாண்டிப் போனான். அப்பா வட்டையிலிருந்து வந்தபோது அம்மா அதே இடத்தில்தான் இருந்தார். அப்பா தெய்வக் குத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் அம்மா எனக்குத் தண்ணீர் வார்த்தார். பந்தல் இல்லை, ஆலாத்தி இல்லை. அடுத்த கிழமையே நான் பள்ளிக்கூடம் போனேன். பிள்ளை கொடுத்த வீட்டை அவர்கள் பிறகு தொடுவதில்லை. எங்கள் வகுப்பில் பாதி மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. நான் மட்டும் நடுப்பாதையில், யாருக்கும் ஒளிக்காமல், புத்தகங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்து போனேன். பாதையில் இயக்கத்துப் பையன்களைக் கண்டால் அவர்களே ஒதுங்கி வழி விட்டார்கள். அந்த வழியை எனக்கு யார் வாங்கித் தந்தது என்று அவர்களுக்கும் தெரியும். மற்றத் தாய்மார் அம்மாவிடம் வந்து, தங்கள் பிள்ளைகளை எப்படி வைத்துப் படிப்பிப்பது என்று கேட்டார்கள். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

மார்கழியில் பரீட்சை வந்தது. அண்ணனின் சுட்டெண் ஒட்டிய மேசை கடைசி நாள்வரை வெறுமையாக இருந்ததாம். அதை ரீச்சர் என்னிடம் சொன்னார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கதவில் இருந்த கணக்கைச் செய்து பார்த்தேன். கடைசி இரண்டு வரிதான். விடை வந்தது. சரியா பிழையா என்று கேட்க ஆள் இல்லை. அண்ணன் அதற்குப் பிறகு வரவில்லை. போர் முடிந்த பிறகும் வரவில்லை.

வேளாண்மை வெட்டிச் சூடு அடித்து நெல் வீட்டுக்கு வந்த காலத்தில், ஒரு பின்னேரம், நான் உண்மையிலேயே வயதுக்கு வந்தேன்.

அம்மா முற்றத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். காதுக்குள் சொன்னேன். சுளகை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். யாரிடம் போய்ச் சொல்வது? ஊருக்கு அது எப்போதோ நடந்து முடிந்த கதை. என்னை அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பாயை விரித்தார். பழக்கத்தில் உலக்கையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் குறுக்கே வைத்தார். வைத்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எடுத்துச் சுவரில் சாத்திவிட்டார். நான் வீட்டில் நின்றால் ஏன் என்று ஊர் கேட்கும்.

"நாளைக்குப் பள்ளிக்குப் போ மகள்" என்றார். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார். அவ்வளவு காலமும் என் முன்னால் அழாதவர்.

எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் அந்த நாட்களில் வாசல் தாண்டுவதில்லை. விடிய எழும்பிப் பள்ளிக்கூட உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா ஒரு கையில் நல்லெண்ணெயும் மறு கையில் பச்சை முட்டையும் கொண்டு வந்து தந்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் என்னை அறியாமல் நெல் மூட்டைகளின் பக்கம் திரும்பி முட்டையை நீட்டினேன். பிறகு கையை இழுத்துக்கொண்டு, கோதை உடைத்து, நானே குடித்தேன்.